காய் விட்ட பிள்ளைங்க பழம் விட வேண்டாமா?

(குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக் கலந்து பேச வேண்டிய பாடம்)



சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு, கணக்குப் புத்தகம் என்று பல பாடங்கள் படித்துவிட்டோம். இந்தப் பாடம் பணத்தைப் பற்றியது அல்ல. நம் ஊர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பழகுகிறார்கள், அதில் நாம் செய்ய வேண்டியது என்ன என்பதைப் பற்றியது. "இதுக்கும் குழுவுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. கீழே உள்ளதைப் படித்தால் தெரியும்.

வயிற்று வலி

ஒரு குழுக் கூட்டத்தில் நடந்தது. சேமிப்பு கட்டியாயிற்று, தவணை வசூல் முடிந்தது, ஊக்குநர் தீர்மானப் புத்தகத்தை மூடப் போகிறார். அப்போது ஒரு உறுப்பினர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அக்கா, மூணாவது படிக்கிற என் பொண்ணு பத்து நாளா காலையில வயிறு வலிக்குதுன்னு அழுவுது. மணி பத்தாயிட்டா வலி காணாம போயிடுது. பொய்தானே சொல்றா?"

"ரெண்டு போடு போட்டு அனுப்பு. நாளையிலிருந்து வலிக்காது" என்றார் ஒருவர்.

மூத்த உறுப்பினர் ஒருவர் தலையை ஆட்டினார். "அடிக்காதம்மா. வலி நிஜமாவே இருக்கும். எதுக்கோ பயந்துக்கிட்டு இருக்குது. ராத்திரி விளக்கை அணைச்சிட்டுப் பக்கத்துல படுத்து மெதுவா கேளு. மூஞ்சியப் பார்த்தா பிள்ளைங்க சொல்லாது. இருட்டுல சொல்லும்."

அந்தத் தாய் அப்படியே கேட்டார். மகள் சொன்னாள். தோழியின் கலர் பென்சிலை இரவல் வாங்கி உடைத்துவிட்டாளாம். தோழி காய் விட்டுவிட்டாள். அதோடு விடவில்லை. கூட விளையாடும் நாலு பெண்களையும் சேர்த்துக்கொண்டு, "அவகூட யார் பேசினாலும் அவங்களோடயும் காய்" என்று சொல்லிவிட்டாள். பத்து நாளாக இந்தப் பிள்ளை தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறது. விளையாட்டு நேரத்தில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தனியாக நிற்கிறது.

தாய்க்கு ஆத்திரம் பொங்கியது. விடிந்ததும் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய் நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தார். அந்தப் பிள்ளையின் அம்மா யார் தெரியுமா? அதே குழுவில் பக்கத்தில் உட்காருகிற உறுப்பினர்!

இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். அன்று காலை அவர் சண்டைக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தெரு இரண்டாகும். குழுவில் ஒருத்தி வந்தால் ஒருத்தி வரமாட்டாள். தவணை நிற்கும். பிள்ளைகள் நாலு நாளில் பழம் விட்டுச் சேர்ந்து ஆடப் போயிருப்பார்கள். பெரியவர்கள் நாலு வருஷம் முகம் பார்க்கமாட்டார்கள். ஊரில் எத்தனை பகை இப்படித் தொடங்கியது என்று எண்ணிப் பாருங்கள்.

அந்த மூத்த உறுப்பினர் நல்ல வேளையாகத் தடுத்தார். இரண்டு தாய்மாரையும் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்தார். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசக்கூடாது என்று முதலிலேயே சொன்னார். எதிர் வீட்டுத் தாய்க்கு நடந்தது எதுவுமே தெரியாது. கேட்டதும் அவர் முகம் வாடிவிட்டது. பிறகு டீச்சரிடம் சொன்னார்கள். டீச்சர் யாரையும் திட்டவில்லை. இரண்டு பிள்ளைகளையும் சேர்த்துப் பாடப் புத்தகம் அடுக்குகிற வேலையைக் கொடுத்தார். உடைந்த பென்சிலுக்குப் பதில் ஒரு பென்சில் வாங்கிக் கொடுத்தது இந்தப் பிள்ளை. மறுநாளே எல்லாம் சரியாகிவிடவில்லை. இரண்டு வாரம் ஆயிற்று. ஆனால் வயிற்று வலி நின்றது. குழுவும் உடையவில்லை.

பள்ளிக்கூடம் பிள்ளைகளின் முதல் ஊர்

வீட்டில் பிள்ளை செல்லம். அழுதால் யாராவது தூக்குவார்கள். பள்ளிக்கூடத்தில் அப்படி இல்லை. அங்கே முப்பது பேரில் ஒருத்தி. வரிசையில் நிற்க வேண்டும், தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும், தோற்றால் தாங்க வேண்டும், பிடிக்காதவளோடும் சேர்ந்து உட்கார வேண்டும். எழுத்தும் கணக்கும் போலவே இதுவும் ஒரு படிப்புதான். இதற்குப் பரீட்சை கிடையாது, மார்க் கிடையாது. ஆனால் வாழ்நாள் முழுக்க உதவுகிற படிப்பு இது.

கல்வியாளர்கள் இந்தப் படிப்பை ஐந்து பாகமாகச் சொல்கிறார்கள். நம் பேச்சில் சொன்னால் இப்படி:

1. தன் மனசில் என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொள்வது. (எனக்குக் கோபமா, வெட்கமா, பயமா?)
2. அதை அடக்கி ஆளத் தெரிவது. (கோபம் வந்தாலும் கை ஓங்காமல் இருப்பது.)
3. அடுத்தவர் மனசைப் புரிந்துகொள்வது. (அவள் ஏன் அழுகிறாள்?)
4. சேர்ந்து பழகுவது. (கேட்டு வாங்குவது, பகிர்ந்து கொடுப்பது, சண்டை போட்டாலும் திரும்பச் சேருவது.)
5. யோசித்து முடிவெடுப்பது. (நான் இப்படிச் செய்தால் என்ன ஆகும்?)

இதைப் படிக்கும்போது உங்களுக்கே தெரியும். குழு தொடங்கிய புதிதில் நாம் கற்றுக்கொண்டதும் இதையேதான். வட்டமாக உட்கார்ந்தோம். ஒருவர் பேச மற்றவர் கேட்டோம். அவசரம் யாருக்கு அதிகம் என்று பார்த்துக் கடன் கொடுத்தோம். நமக்கு முப்பது, நாற்பது வயதில் கிடைத்த இந்தப் பாடம் நம் பிள்ளைக்கு ஆறு வயதிலேயே கிடைத்தால் எவ்வளவு நல்லது!

நம் உத்திரமேரூர்க் குடம்

நம் ஊரில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் கல்வெட்டுகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டியவை. ஊரை 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கினார்கள். ஆண்டு முழுதும் ஊர்க் காரியம் பார்க்கிற வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர்.

அந்தக் குடத்தில் கை விட்டு ஓலையை எடுத்தது யார் தெரியுமா? ஒரு சின்னப் பையன். எந்த ஓலையில் யார் பெயர் என்று தெரியாத பாலகன். ஓலையை வாங்குகிறவரும் ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும், எதையும் ஒளிக்க முடியாதபடி. அதற்குப் பிறகு எல்லோர் முன்னாலும் உரக்க வாசிக்க வேண்டும். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவருக்கு மறுபடி இடம் கிடையாது. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் கிடையாது. கணக்குப் புத்தகம் எழுதுகிற நமக்கு இது நன்றாகப் புரியும்.

ஆனால் முழுதும் சொல்ல வேண்டும். அந்தக் குடத்தில் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை. சொந்த நிலமும் மனையும் இல்லாதவர் பெயர் இல்லை. அது பிராமணர் சபை ஊர். வேதம் படித்திருக்க வேண்டும் என்பதும் விதி. உழைக்கிற சனங்கள் வெளியேதான் நின்றார்கள். எனவே நாம் அந்தக் குடத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நல்லதை எடுத்துக்கொண்டு, விட்டுப்போனவர்கள் பெயரையும் சேர்த்துப் போடுவோம்.

பள்ளிக்கூடத்தில் இதைச் செய்யலாம். எப்போதும் நன்றாகப் படிக்கிற பிள்ளையே வகுப்புத் தலைவர் என்று இல்லாமல், எல்லாப் பிள்ளைகள் பெயரையும் சீட்டில் எழுதி ஒரு குடத்தில் போட்டு, வாரத்துக்கு ஒருவரைத் தலைவராக எடுக்கலாம். தண்ணீர், செடி, விளையாட்டுச் சாமான், நூலகம் என்று சின்னச் சின்ன வாரியமும் போடலாம். ஒரு முறை வந்த பெயர் எல்லோருக்கும் வந்து முடியும்வரை திரும்ப வரக்கூடாது. வாரக் கடைசியில் தான் பார்த்த வேலையை வகுப்பு முன்னால் சொல்ல வேண்டும். வாயே திறக்காத பிள்ளையும் அன்று பேசும். நம் குழுக்களில் முதல் முறை ஊக்குநர் ஆனவர்கள் குரல் நடுங்கப் பேசியது நினைவிருக்கிறதா?

சேர்ந்து சாப்பிடுவது

பிள்ளைகள் பழகக் கற்றுக்கொள்கிற பெரிய இடம் வகுப்பறை அல்ல, சாப்பாட்டு வரிசை. காமராசர் காலத்தில், 1956-ல் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியது. 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுதும் உள்ள அரசு ஆரம்பப் பள்ளிகளுக்கு வந்தது. கிராமப் பள்ளிகளில் அந்த உப்புமாவையும் கிச்சடியையும் பொங்கலையும் சமைப்பது யார்? நம்மைப் போன்ற சுய உதவிக் குழுப் பெண்கள்தான். விடியற்காலையில் கழனி வேலைக்கும் கம்பெனி வேனுக்கும் ஓடுகிற தாய்மாருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் ஒன்றை மறைக்காமல் பேச வேண்டும். 2023 செப்டம்பரில் கரூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியிலும் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு பள்ளியிலும், பட்டியல் சாதிப் பெண் சமைத்தார் என்பதற்காகச் சில பெற்றோர் தங்கள் பிள்ளைகளைக் காலை உணவு சாப்பிட விடவில்லை. கரூரில் மாவட்ட ஆட்சியரே நேரில் போய்ச் சாப்பிட்டார். தூத்துக்குடியில் அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

ஆறு வயதுப் பிள்ளைக்கு உப்புமாவில் உப்பு இருக்கிறதா, சாம்பார் சூடாக இருக்கிறதா என்றுதான் தெரியும். சமைத்தவர் யார் என்று பார்க்கத் தெரியாது. யாரோ வீட்டில் சொல்லிக் கொடுத்தால்தான் தெரியும். "அங்க சாப்பிடாதே", "அவ பக்கத்துல உட்காராதே" என்று நாம் அடுப்படியில் நின்று சொல்கிற ஒரு வார்த்தை, பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையைத் தனியாக உட்கார வைத்துவிடுகிறது. அந்தப் பிள்ளை அதை எழுபது வயதிலும் மறக்காது. நம் குழுவிலேயே அப்படி மறக்காதவர்கள் இருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

குழுவில் எல்லாத் தெருப் பெண்களும் ஒரே பாயில் உட்காருகிறோம். ஒருவர் கொண்டுவந்த தண்ணீரை எல்லோரும் குடிக்கிறோம். குழுவில் ஒரு நியாயம், வீட்டில் ஒரு நியாயம் என்று இருக்கக்கூடாது. பள்ளி மாணவரிடையே சாதிப் பாகுபாட்டைத் தடுப்பது பற்றி நீதியரசர் கே.சந்துரு குழு 2024 ஜூனில் அரசுக்கு அறிக்கை கொடுத்தது. மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும், சாதியைக் காட்டும் கயிறுகள் கூடாது என்பவை அதில் உள்ள பரிந்துரைகள். பெரிய பிள்ளைகள் கையில் கட்டுகிற கயிறு, சின்ன வயதில் நாம் சொல்லும் வார்த்தையில்தான் தொடங்குகிறது.

அரும்பா, மொட்டா, மலரா?

2022 முதல் நம் ஆரம்பப் பள்ளிகளில் எண்ணும் எழுத்தும் திட்டம் நடக்கிறது. பிள்ளைக்கு எவ்வளவு தெரிகிறது என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஒருவருக்கு எது வரவில்லையோ அதை அவருக்குச் சொல்லித்தரத்தான் இந்தப் பிரிவு. ஆனால் சில தாய்மார் குழாயடியில் என்ன பேசுகிறோம்? "எம் பொண்ணு மலரு. உம் பையன் இன்னும் அரும்புதானா?" பிள்ளை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறது. அன்றிலிருந்து அதற்குப் படிப்பு என்றாலே வெட்கம்.

அரும்புதானே மொட்டாகி மலருகிறது? மல்லிச் செடியில் எல்லா மொட்டும் ஒரே நாளில் விரிவதில்லை. பிள்ளையை வேறு பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம். போன மாதம் அதற்கு என்ன தெரிந்தது, இந்த மாதம் என்ன தெரிகிறது என்று மட்டும் பார்ப்போம்.

வீட்டில் நாம் செய்யக் கூடியவை

கேள்வியை மாற்றுவோம். பள்ளி விட்டு வந்ததும் "எவ்வளவு மார்க்?" என்று மட்டும் கேட்காமல், "இன்னிக்கு யார் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்ட? எது சிரிப்பா இருந்தது? யாராவது அழுதாங்களா?" என்று கேட்போம். பதில் உடனே வராது. பத்து நாள் கேட்டால் பதினோராம் நாள் தானே சொல்லும்.

மனசுக்குப் பெயர் சொல்லிக் கொடுப்போம். "ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?" என்று அதட்டாமல், "கோபமா இருக்கியா, ஏக்கமா இருக்கியா?" என்று கேட்போம். பெயர் தெரிந்தால் பிள்ளைக்குச் சொல்லத் தெரியும். சொல்லத் தெரியாத பிள்ளைதான் கடிக்கிறது, அடிக்கிறது, வயிறு வலிக்குது என்கிறது.

கோபத்துக்கு வழி காட்டுவோம். கோபம் வருவது தப்பில்லை, அடிப்பதுதான் தப்பு. அந்த இடத்தை விட்டு நகரு, ஒரு சொம்பு தண்ணீர் குடி, பத்து எண்ணு என்று சொல்லிக் கொடுப்போம். ஆனால் பிள்ளை நாம் சொல்வதைவிட நாம் செய்வதைத்தான் பார்த்துக் கற்றுக்கொள்ளும். நாமே பாத்திரத்தை வீசினால் அதுவும் வீசும்.

பழம் விடச் சொல்லிக் கொடுப்போம். பிடித்து இழுத்து "சாரி சொல்லு" என்றால் வாய்தான் சொல்லும். முதலில் நடந்ததை இரண்டு பேரும் சொல்லட்டும். பிறகு "இப்போ என்ன செஞ்சா சரியாகும்?" என்று அவர்களையே கேட்போம். உடைத்ததை ஒட்டித் தருவது, எடுத்ததைத் திருப்பித் தருவது, விளையாட்டில் சேர்த்துக்கொள்வது எல்லாம் பழம் விடுவதுதான்.

விளையாட விடுவோம். நொண்டியும் பாண்டியும் கண்ணாமூச்சியும் நேரத்தைக் கெடுப்பவை அல்ல. முறை வரக் காத்திருப்பது, அவுட் ஆனால் ஒத்துக்கொள்வது எல்லாம் அதில்தான் வருகிறது. செல்போனில் ஆடுகிற ஆட்டத்தில் எதிரே அழுகிற முகம் தெரியாது.

அடியைப் பற்றி ஒரு வார்த்தை

"கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று வாத்தியாரிடம் சொல்வது நம் ஊர்ப் பழக்கம். இனிச் சொல்ல வேண்டாம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, 17-வது பிரிவின்படி பள்ளியில் பிள்ளையை அடிப்பதும், மனம் நோகும்படி அவமானப்படுத்துவதும் கூடாது. அடி வாங்கிய பிள்ளை தன் தப்பை நினைப்பதில்லை, அடித்தவரைத்தான் நினைக்கிறது. அடுத்த நாள் தன்னைவிடச் சின்னப் பிள்ளையை அடிக்கிறது.

சண்டையா, கொடுமையா?

எல்லாச் சண்டையிலும் பெரியவர்கள் நுழையத் தேவையில்லை. இரண்டு பேரும் சமமாக இருந்து, ஒரு நாள், இரண்டு நாள் சண்டை என்றால் அவர்களே தீர்த்துக்கொள்வார்கள். ஆனால் கீழே உள்ளவை இருந்தால் கட்டாயம் டீச்சரிடம் பேச வேண்டும்:

- பலசாலி ஒருவரோ பல பேர் சேர்ந்தோ ஒரே பிள்ளையைத் திரும்பத் திரும்பத் துன்புறுத்துவது.
- சாதி, நிறம், உடல் ஊனம், அப்பா இல்லாதது, குடிக்கிற அப்பா ஆகியவற்றைச் சொல்லிக் கேலி செய்வது.
- பிள்ளை பள்ளிக்குப் போக அழுவது, தூக்கத்தில் பயப்படுவது, விட்டுவிட்ட பழக்கமான படுக்கையில் சிறுநீர் கழிப்பது மறுபடி வருவது.
- உடம்பில் காயம் இருந்து, காரணம் சொல்ல மறுப்பது.

டீச்சரிடம் போகும்போது சண்டைக்குப் போகிற மாதிரி போகக்கூடாது. "எம் பொண்ணு இப்படிச் சொல்லுது, நீங்க கொஞ்சம் கவனிச்சுச் சொல்லுங்க டீச்சர்" என்று கேட்டால் அவரும் மனம் திறந்து பேசுவார். கல்வி சம்பந்தமான உதவிக்கு 14417 என்ற எண்ணிலும், பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098 என்ற எண்ணிலும் காசு செலவில்லாமல் பேசலாம்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் குரல்

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். மொத்த உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022-ல் இந்தக் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது தலைவர் பொறுப்பே ஒரு தாய்க்கு என்று ஆனது. அந்தக் கூட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவது போதாது. சுற்றுச்சுவர், கழிப்பறை, குடிநீர் பற்றிப் பேசுகிறோம், நல்லது. கூடவே இவற்றையும் கேட்கலாம்: தலைவர் பொறுப்பு எல்லாப் பிள்ளைக்கும் சுற்றி வருகிறதா? கூட்டுகிற வேலை பெண் பிள்ளைகளுக்கு மட்டுமா, எல்லோருக்குமா? சாப்பாட்டு வரிசையில் எல்லோரும் கலந்து உட்காருகிறார்களா? வாரம் ஒரு நாள் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து மனசில் இருப்பதைச் சொல்ல அரைமணி நேரம் ஒதுக்கலாமா?

குழுவில் கலந்து பேச

1. நீங்கள் பள்ளியில் படித்தபோது (படிக்க முடியாமல் போனவர்கள், போக ஆசைப்பட்டபோது) மனசில் தங்கிவிட்ட ஒரு சந்தோஷம், ஒரு வருத்தம் சொல்லுங்கள்.
2. உங்கள் பிள்ளைக்கு நெருங்கிய தோழி அல்லது தோழன் யார்? பெயர் தெரியுமா? தெரியாதவர்கள் இன்று வீட்டுக்குப் போய்க் கேளுங்கள்.
3. பிள்ளைகள் சண்டை பெரியவர்கள் சண்டையானது நம் தெருவில் உண்டா? அப்போது என்ன செய்திருக்கலாம்?
4. நம் ஊர்ப் பள்ளியில் தனியாக உட்காருகிற பிள்ளை யாராவது உண்டா? ஏன்? (பிள்ளையின் பெயரைக் கூட்டத்தில் சொல்லி அவமானப்படுத்த வேண்டாம்.)

தீர்மானப் புத்தகத்தில் எழுத

"பிள்ளைகள் சண்டைக்காக எங்கள் குழு உறுப்பினர்கள் ஒருவர் வீட்டு வாசலில் ஒருவர் சண்டைக்குப் போகமாட்டோம். முதலில் பிள்ளையிடம் கேட்போம், பிறகு டீச்சரிடம் பேசுவோம், தேவைப்பட்டால் குழுவில் வைத்துப் பேசுவோம். யார் சமைத்தாலும் யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் எங்கள் பிள்ளைகள் சேர்ந்து சாப்பிடுவார்கள்."

இதை எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். கையெழுத்து வராதவர்கள் ரேகை வையுங்கள். அடுத்த கூட்டத்தில் தவணை கேட்கிற மாதிரி இதையும் கேளுங்கள்.

காய் விடுவது பிள்ளைகளுக்கு ஒரு நொடி வேலை. பழம் விடவும் அவர்களுக்குத் தெரியும். நடுவில் நாம் போய் நின்று மறைக்காமல் இருந்தால் போதும்.